உடன் இருப்பவர் பெயர்

ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் பதினொரு கேள்விகள். பத்துக்கு அன்று மாலையே எழுதிவிட்டேன். பதினொன்றாவது, பிரசவ அறையில் உடன் இருப்பவர் பெயர், ஒருவர் மட்டும். முப்பத்தாறாவது வாரம் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கீழே அச்சிட்டிருந்தது.

அக்கா பெயரைப் போடுவதாகத்தான் இருந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு பெரியவள் பிறந்தபோது என் வீட்டுக்காரர்தான் உள்ளே வந்தார். பதினான்கு மணி நேர வலி. அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தேய்த்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு வலிக்கும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு இடுப்பு இரண்டாகப் பிளக்கிறது. பக்கத்தில் ஒருவர் ஒன்றுமில்லை என்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் வெளியே போகச் சொன்னேன். போய்விட்டார். மகள் பிறந்தபோது நான் கட்டில் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், பொண்டாட்டி தன்னைத் துரத்திவிட்டதாக அவர் வேடிக்கையாகச் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இந்த முறை மாதம் ஏற ஏற அந்தக் கம்பிதான் ஞாபகத்துக்கு வந்தது. வலிக்குப் பயமில்லை என்றால் பொய். ஆனால் அத்தனை பேர் நிற்கிற அறையில் மறுபடியும் தனியாகக் கிடப்பேனோ என்பதுதான் பெரிய பயம். அக்கா என்றால் பரவாயில்லை. நான் கத்தினால் கூடச் சேர்ந்து அவளும் கத்துவாள். பார்சல் ஆபீசில் லீவுக்கும் சொல்லி வைத்துவிட்டாள். இவரிடம் சொன்னதற்கு, "உன் இஷ்டம்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கர்ப்பிணிகளுக்கும் உடன் வருகிறவர்களுக்கும் சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி மாடியில் வகுப்பு. இரண்டு வாரம் அக்கா வந்தாள். போன பிரசவக் கதையை வகுப்பெடுக்கும் நர்ஸிடம் சொன்னதும் அவள்தான். மூன்றாவது வாரம் அவளுக்கு ஆபீசை விட்டு நகர முடியவில்லை. நாற்காலி காலியாக இருக்க வேண்டாம், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல் என்றாள் போனில். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அவரும் கேட்டார்.

அன்றைக்கு நர்ஸ் ஐஸ் கட்டி கொண்டுவந்தார். கர்ப்பிணி ஒரு நிமிடம் அதைக் கைக்குள் இறுக்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் துணையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். எனக்குப் பத்து நொடியிலேயே விரல் எலும்பு வரை குத்தியது. இவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல, ஐஸ்தானே..."

நான் கட்டியைத் தட்டில் போட்டுவிட்டேன். நர்ஸ் பார்த்துவிட்டு அதே கட்டியை எடுத்து இவர் கையில் வைத்தார். "இப்ப நீங்க சொல்லுங்கம்மா, ஒண்ணுமில்லன்னு."

சொன்னேன். ஒரு நிமிடம் முழுக்க விடாமல் சொன்னேன். பின் வரிசையில் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான். முப்பது நொடிக்கு மேல் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவர் கட்டியைக் கீழே போடவில்லை. நேரம் முடிந்ததும் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தப் பெஞ்சில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் எதிரே நின்றார். அவருக்குக் கட்டட வேலையில் கிரேனுக்குச் சைகை காட்டும் உத்தியோகம். மேலே கூண்டில் இருக்கிற ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது தெரியாது. இவர் கையையும் வாக்கி டாக்கியில் வரும் குரலையும் நம்பித்தான் சரக்கு இறங்கும். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டேன்.

"ஆபரேட்டர்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்வீங்களா?"

"சொன்னா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"வேற என்ன சொல்வீங்க?"

"இன்னும் எத்தனை அடி இருக்கு, எந்தப் பக்கம் ஆடுதுன்னு உள்ளதைச் சொல்வேன். எனக்கே தெரியலைன்னா கையைக் காட்டி நிறுத்திடுவேன்."

ஒரு பஸ் வந்து போனது. எங்கள் பஸ் இல்லை. அவர் அது போன திசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு உள்ளே எனக்கு ஒண்ணும் தெரியலை. டாக்டர் முகத்தையே பாத்துட்டிருந்தேன். நீ போயிடுவியோன்னு இருந்துச்சு. வேற வார்த்தை வாயில வரலை."

நான்கு வருடமாக, இந்த மனுஷனுக்கு என் வலி உறைக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நகர்ந்து இடம் கொடுத்தேன். பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். எனக்கும் அதே பயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

உடனே மனம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒரு மதியப் பேச்சை நம்பிப் பிரசவ அறைக்குள் போக முடியுமா? அக்காவிடம் யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமைக்குள் சொல், லீவு என்ன என் வீட்டுக் கொடியில் காய்கிற துணியா, நினைத்தால் எடுப்பதற்கும் போடுவதற்கும் என்றாள். அவர் உள்ளே போனால் பெரியவளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஆனால் மறுபடி ஓடினால் வாசலில் தான்தான் நிற்பதாகவும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை செக்கப். இவரும் கூட வந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்து, எடை பார்த்து முடிந்ததும் அந்த நர்ஸே கவுன்டரில் படிவத்தைக் கேட்டார். பதினொன்றாவது இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று கேட்டார். நான் இவர் பக்கம் திரும்பினேன். நர்ஸும் இவரைப் பார்த்தார். "சார், போன தடவை வெளியே போயிட்டீங்களாமே. இந்தத் தடவை நிப்பீங்களா?"

எங்களுக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். சிரித்து மழுப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"பயமாத்தாங்க இருக்கு. இவ போகச் சொன்னா போவேன். சொல்லலைன்னா இருப்பேன்."

நான் பேனாவை வாங்கி அவர் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.