கால் பங்கு மஞ்சள்

மலைச்சரிவின் மேல்பக்கம் சிவப்புப் பூச்செடிகள், கீழே மஞ்சள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் செடிகள். தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தம்பிக்கு அந்த ஆரஞ்சுச் செடிகள் என்றால் உயிர். இரண்டு இனமும் கலந்து பிறந்தவை அவை.

"கலப்புச் செடி அதோட நின்னுடும்ப்பா, வாரிசு கிடையாது" என்று துறைத் தலைவி சொல்லிவிட்டார். ஆரஞ்சுச் செடிகளிலிருந்து எடுத்து அவன் ஊன்றிய விதைகளும் மண்ணிலேயே மக்கிப்போயின.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். அக்கா மருந்து நிறுவனம் ஒன்றில் புள்ளியியல் நிபுணர்.

"சரிவுல இருக்கிற எல்லா நிறச் செடியிலயும் மரபணுத் தகவல் எடுத்தியே, அத என்னடா பண்ணின?"

"சும்மாதான் கிடக்கு."

"குடு இங்க."

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு செடியிலும் சிவப்பு வம்சம் எத்தனை பங்கு, மஞ்சள் எத்தனை பங்கு என்று கணக்கிட்டாள்.

"வாரிசே இல்லன்னா கலப்புச் செடி எல்லாமே முதல் தலைமுறைதான். அதுல பாதி, இதுல பாதி. புள்ளியெல்லாம் நடுவுல குவியணும். சரியா?"

திரையில் புள்ளிகள் விழுந்தன. இரண்டு ஓரத்திலும் அசல் செடிகள், நடுவில் ஒரு கூட்டம். ஆனால் கால் பங்கு மஞ்சளிலும் முக்கால் பங்கு மஞ்சளிலும்கூடச் சின்னச் சின்னக் கொத்துகள்.

தம்பி துள்ளி எழுந்தான். "அக்கா! இதெல்லாம் பேரப்பிள்ளைங்க! கலப்புச் செடி மறுபடி அசல் சிவப்போட சேர்ந்தாத்தானே கால் பங்கு மஞ்சள் வரும்!"

"உக்காரு. தற்செயலா இருந்துட்டா?"

கலப்பு முதல் தலைமுறையோடு நின்றிருந்தால் புள்ளிகள் எப்படி விழும் என்று கணினியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வைத்தாள். அவன் நகத்தைக் கடித்துக் குதறிவிட்டான். ஆயிரக்கணக்கான முறை போட்டும் அந்தக் கொத்துகள் ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது அக்காவே கைதட்டிக் கூவினாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

மறுநாள் அக்காவும் தம்பியும் கொண்டுபோன படத்தைத் துறைத் தலைவி உற்றுப் பார்த்தார். "இந்தக் கால் பங்கு மஞ்சள் எங்க நிக்குது? காட்டு."

மூவரும் சரிவில் ஏறினார்கள். பார்வைக்கு அது அசல் சிவப்புச் செடி. அதைத் தாண்டித்தான் தலைவி எத்தனையோ தடவை நடந்திருக்கிறார். மண்ணில் மண்டியிட்டு ஒரு காயைப் பிளந்தார். உள்ளே கொழுகொழுவென்று விதைகள்.

"நான் சொன்னது சுத்தத் தப்பு" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "முதல் தலைமுறையில அத்திபூத்தாப்பல ஒரு நல்ல விதை விழுந்திருக்கும். அதுவே போதும், குடும்பம் பெருகிடுச்சு!"

அந்த வார இறுதியிலேயே தம்பி அந்த விதைகளைத் தொட்டிகளில் ஊன்றினான். முதல் முளை தலைகாட்டிய அன்று, அலுவலகக் கூட்டத்தில் இருந்த அக்காவை ஃபோனில் கூப்பிட்டான். எல்லோரும் பார்க்க அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.