லெஃப்ட்டை நான் பார்த்துக்கறேன்

"குதிகாலை வெச்சியா இல்லியா, அதை மட்டும் சொல்லு."

"நீ ஃப்ரீன்னு சொன்னியா இல்லியா, அதை மொதல்ல நீ..."

"பிரேக்குன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான்மே? எத்தனை வாட்டி..."

"லெஃப்ட் ஃப்ரீ, போ போன்ன. உன் வாயால சொன்ன. அதை நம்பித்தானே ஒடிச்சேன்."

"இது தையல் மிஷின் இல்லமே. காரு."

ஒருத்தர் பேச்சின்மேல் ஒருத்தர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்திலிருந்து வந்த பழைய மாருதி, பேர்ணாம்பட்டு ரோட்டுக்குள் பாதி மூக்கை நீட்டியபடி நின்றிருந்தது. நாலடி தள்ளி ஒரு ஸ்கூட்டி படுத்துக் கிடந்தது. அதன் பின்சக்கரம் இன்னும் சுற்றுவது நிற்கவில்லை. காருக்குள் இருந்தது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். பயத்துக்குப் பேர்தான் அந்தச் சண்டை.

பெண்டாட்டி பிரிசில்லாதான் முதலில் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

குதிகால் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஷூ கம்பெனியில் தைக்கிறவள் அவள். அந்த மிஷினுக்கு முன்னங்காலை அழுத்தினால் ஓட்டம், குதிகாலை அழுத்தினால் நிறுத்தம்; நூலும் தானாக அறுந்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை நிறுத்துகிற கால். காரில் பயம் வந்தாலும் அதுதான் நடக்கும். பிரேக்கைத் தேடாது. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நின்றுவிடும் என்று காத்திருக்கும். கார் எங்கே நிற்கும், அது பாட்டுக்குப் போகும். இன்றைக்குப் புருஷன் ஜெயசீலன் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் நின்றது.

அவன் அதே கம்பெனிக்கு இருபத்துநாலு வருஷம் வேன் ஓட்டியவன். கிராமம் கிராமமாகப் போய்ப் பொம்பளைகளை ஏற்றி வருவான். "என் வண்டியில ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்" என்பான். அஞ்சு மாசத்துக்கு முன்னால் சுகர் கண்ணுக்கு ஏறி வேலை போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போய் வந்தான். இவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "வலது கண்ணு கம்மியாம். இடது ராஜா மாதிரி இருக்குதாம்" என்று வந்து சொன்னான்.

காரை வித்துடலாமா என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் கத்துக்கறேன்யா. நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு."

"நீயா."

"ஏன், எனக்குக் கால் இல்லியா?"

வேலை போனதிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தான். "சரி. ரைட்டை நீ பாரு. இடது கண்ணு நல்லாத்தானே கீது, லெஃப்ட்டை நான் பார்த்துக்கறேன்."

அதற்கப்புறம் ஒவ்வொரு முக்கிலும் அவன் குரல்தான் அவளுக்குக் கண்ணாடி. "லெஃப்ட் ஃப்ரீ, போ." கியரைக்கூடக் காதால் சொல்லுவான். "வண்டி அழுவுது பார், மாத்து." வருகிற புதன்கிழமை டெஸ்ட். லைசென்ஸ் கைக்கு வந்தால் வண்டி வீட்டில் நிற்கும், அவனுக்கு அதில் ஒரு சீட்டும் நிற்கும். வராவிட்டால் இரண்டும் போகும்.

விழுந்தவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். சிராய்ப்புதான். அவளைச் சுற்றி ரோடெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் ஷூவின் மேல்பாகம். வீட்டில் கையால் தைத்துத் திருப்பிக் கொடுப்பதற்காக மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறாள்.

ஜெயசீலன் காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தான். அவள் எதிரில், கை எட்டுகிற தூரத்தில் நின்றான்.

"யாரும்மா நீ? எந்த ஊரு? பலமா பட்டுச்சா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க? நான்தான்."

குரல் காதில் விழுந்த பிறகுதான் அவன் முகம் திறந்தது. "தில்ஷாதா? அடடா, தில்ஷாதா."

பிரிசில்லா தில்ஷாத்தைப் பார்த்தாள். முக்காடு தோளில் விழுந்து முகம் பளிச்சென்று வெயிலில் இருந்தது. ஒன்பது வருஷம் அவன் வேனில் முன்சீட்டில் வந்த முகம்.

"நீங்க என்னைத்தானே பார்த்துட்டிருந்தீங்க" என்றாள் தில்ஷாத். "நான் சலாம்கூட வெச்சேன். டிரைவர் அண்ணன் பார்த்துட்டாரு, நிறுத்திடுவாருன்னுதான் நான் பாட்டுக்கு வந்தேன்."

ஜெயசீலன் குனிந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சிதறினதைப் பொறுக்க ஆரம்பித்தான். தார் ரோட்டில் உள்ளங்கையைப் பரப்பி, பாத்திரம் துடைக்கிற மாதிரி வட்டமாகத் தடவிக்கொண்டு போனான். கையில் பட்டதை எடுத்தான். பட்டதற்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்ததை விட்டுவிட்டான். கறுப்பு ரோட்டில் அது பல்லு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

பிரிசில்லா அந்தத் துண்டைப் பார்த்தாள், அவன் கண்ணைப் பார்த்தாள். இடது ராஜா மாதிரி இருக்குதாம்.

இத்தனை நாள் எத்தனை முக்கு. பாலாற்றுப் பாலத்து முனை, ஸ்கூல் முனை, ரயில்வே கேட். லெஃப்ட் ஃப்ரீ, லெஃப்ட் ஃப்ரீ என்று அவன் காதை வைத்துச் சொன்னது எத்தனை, கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டுச் சொன்னது எத்தனை. இன்றைக்குத் தில்ஷாத்தின் ஸ்கூட்டி பேட்டரி வண்டி. சத்தமே கிடையாது.

டீக்கடையிலிருந்து ரெண்டு பேர் வந்து ஸ்கூட்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஒருத்தன் ஜெயசீலனுக்குத் தெரிந்தவன்.

"இன்னா டிரைவரே, பொம்பள கையில வண்டியைக் குடுத்தா பேஜார்தான். பக்கத்துல நீ இருந்துமா?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

தில்ஷாத் வெகுளி. "இல்லண்ணா, டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்து..." என்று ஆரம்பித்தாள்.

"என் தப்புதாம்மா" என்று பிரிசில்லா குறுக்கே விழுந்தாள். "அவரு நிறுத்து நிறுத்துன்னுதான் கத்துனாரு. நான்தான் பிரேக்குக்குப் பதிலா குதிகாலை வெச்சுட்டேன்."

"குதிகாலா?"

"மிஷின் ஞாபகம்."

தில்ஷாத்துக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நூல் அறுந்துச்சாக்கா?"

டீக்கடைக்காரர்களும் சிரித்தார்கள். பிரிசில்லாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவன் விட்டுவிட்டுப் போன துண்டைச் செருப்பு நுனியால் மெதுவாகத் தள்ளி, அவன் கைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவன் எடுத்தான்.

"எல்லாம் வந்துருச்சா?" என்று கேட்டான்.

"வந்துருச்சு" என்றாள்.

தில்ஷாத்தை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள்.

"ஹேண்ட் பிரேக் மட்டும் புடிக்கலன்னா..." என்றான்.

"ஆமா."

"அந்தக் குதிகாலை மொதல்ல மறந்துரு."

"மறந்துடறேன்." கியரை மாற்றினாள். "டாக்டர் கடைசியா இன்னாதான்யா சொன்னாரு?"

"அதான் சொன்னேனே. வலது கம்மி."

"இடது?"

"ரோட்டைப் பாருமே."

வீட்டுத் தெரு திரும்புவதற்கு முன்னால் ஒரு முக்கு. சரியாக முன்னங்காலால் பிரேக்கை மிதித்து, சரியான இடத்தில் நிறுத்தினாள். அவன் பார்த்திருந்தால் சபாஷ் என்றிருப்பான். வலது பக்கம் பார்த்தாள், யாரும் இல்லை. உடம்பை முன்னுக்குச் சாய்த்து இடது பக்கமும் தானே பார்த்துக்கொண்டாள். முனைக் கோயில் வரைக்கும் ரோடு காலி. போயிருக்கலாம். கால் எழும்பவில்லை.

அவன் இடது பக்கத்து ஜன்னலுக்கு நேராக முகத்தைத் திருப்பி, கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. திரும்பவும் அடித்தது.

"சொல்லுய்யா" என்றாள் பிரிசில்லா. "லெஃப்ட்டை நீதானே பார்த்துக்கறேன்ன. போலாமா?"