மலிவு எண்ணெய்க்கு ஓர் இடம்

கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. அமைச்சருக்கு வாயெல்லாம் பல். "இந்த மாதிரி நேரம் இனி வாய்க்காது. வாங்கி ரொப்புய்யா!" என்று நாட்டின் எண்ணெய்க் கையிருப்பு இயக்குநரிடம் சொல்லிவிட்டார்.

இயக்குநர் தொட்டிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். ரொப்ப இடமேது? போன வருடம் விலை உச்சாணிக் கொம்பில் இருந்தபோது, "இன்னும் ஏறும்" என்று அடித்துச் சொல்லி, அத்தனை தொட்டிகளையும் கழுத்து வரை நிரப்ப வைத்தவரே இந்த மகானுபாவர்தான். அதைச் சொன்னால் வேலைக்கே உலை. "ஆகட்டும் ஐயா" என்று தலையாட்டினார். கப்பலும் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடம் காலியாக இருந்தது. பாதி விலை என்று மனைவி வாங்கிக் குவித்த துணி சோப்பில் நேற்றுவரை அங்கே கால் வைக்க இடமில்லை.

"சோப்பெல்லாம் எங்க?"

"உங்க அக்கா வீட்டு மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? அங்க வச்சுட்டேன். வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்."

அட, இது நமக்குத் தோன்றாமல் போச்சே! பக்கத்து நாட்டுத் தொட்டிகள் காற்று வாங்கிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். மறுநாளே அந்த நாட்டு அதிகாரியிடம் பேசி முடித்தார். "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க சார்" என்று அவர் தேனாகப் பேசினார். கப்பல் அந்தப் பக்கம் திரும்பி, சில வாரத்தில் எண்ணெயை இறக்கியும்விட்டது. அமைச்சருக்கு ஏகப்பட்ட குஷி. பதவி உயர்வுக்குக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அந்தச் சேதியோடு துள்ளிக்கொண்டு வீடு வந்தார் இயக்குநர். அழுக்குத் துணி மூட்டைக்கு முன்னால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"உங்க அக்காகிட்ட சோப்பு கேட்டேன். 'எந்த சோப்பு?'ங்கறாங்க. கேட்டுக்கிட்டே துணி காயப்போடறாங்க. வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவசர அவசரமாகப் பக்கத்து நாட்டு அதிகாரிக்குப் போன் போட்டார்.

"சும்மாதான் கூப்பிட்டேன் சார். நம்ம எண்ணெய்..." அந்தப் பக்கம் காது கிழிகிற மாதிரி ஹாரன் சத்தம். "அதென்ன சார் சத்தம்?"

"பெட்ரோல் விலையைப் பாதியாக்கிட்டோம் சார்! எங்க ஜனங்க சந்தோஷத்துல வண்டியை விட்டு இறங்கவே மாட்டேங்கறாங்க. அது கிடக்கட்டும், என்னமோ எண்ணெய்னீங்களே, எந்த எண்ணெய்?"