லீவு எடுக்காதவருக்கு இரண்டு இரவு

1

இந்தக் கதையை எழுத எனக்குள்ள ஒரே தகுதி, எண்பதுகளில் மலேசியாவின் செரண்டாவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் கிராணியாக இருந்ததுதான். மிச்சத்தை, அங்கே வேலை பார்த்த காளியண்ணன் பிற்பாடு சொன்னார். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கோலசிலாங்கூர் ஆற்றின் மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை—’

காளியண்ணன் சூரியனைப் பார்க்கவில்லை. திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆகவே அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். பதினோரு வருடம் ஒரு நாள்கூட லீவு போடாத காளியண்ணனுக்கு, 1987-இல் நிர்வாகம் ஒரு சான்றிதழும், கோலசிலாங்கூரில் ஒரு பழைய மாளிகை ஓட்டலில் மனைவியோடு இரண்டு இரவு தங்க ஒரு சீட்டும் கொடுத்தது. சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை பஸ் ஏறினால் இரண்டு மணி ஷிப்டுக்கு வந்துவிடலாம் என்பதையும் மானேஜரே சொல்லிக் கொடுத்தார்.

2

கொப்பரை வியாபாரம் செய்த ஒரு சீன முதலாளி, அதாவது தவுக்கே, கட்டிய வீடு அது. (அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சிப்பி பதித்த நாற்காலிகள், தவுக்கேயின் படம், படத்திலிருந்த மூன்று மனைவிகள். காளியண்ணன் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. இரண்டு பக்கமும் போயிற்று.) நடுவில் கூரையில்லாத முற்றம். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். கட்டிலில் ஏறுவதற்குத் தனியாக ஒரு முக்காலி.

காலையில் எழுந்ததும் அவர் மனைவி திலகம் போர்வையை மடித்து, விரிப்பை உதறிப் போட்டார். ஓட்டல் கவுண்டரில் இருந்த வாசு பதறிப்போனார்.

“அக்கா, அது எங்க வேலை லா. விடுங்க.”

“நாங்க படுத்த படுக்கைய நாங்க மடிக்கிறோம் தம்பி. இதுல என்ன?”

வாசு ஆள் விட்டு மறுபடி விரிக்கச் சொன்னார். திலகம் மறுபடி மடித்தார். ஞாயிறு மத்தியானத்துக்குள் மூன்று முறை. ஓட்டல் தோற்றது.

3

அன்று மத்தியானம் மழை. இருவரும் முற்றத்து ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திலகம் பையிலிருந்து சான்றிதழை எடுத்து, மலாயில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்.

“இதுல அன்னைக்கும் சேருதா?”

எந்த நாள் என்று காளியண்ணன் கேட்கவில்லை. வாசகருக்கு நான் சொல்லவேண்டும். ஐந்து வருடத்துக்கு முன், ஒரு காலைப்பொழுதில், ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அவர் அதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, இரண்டு மணி ஷிப்டுக்கு வந்து கார்டு அடித்தார். என் மேசைக்கு எதிரேதான் அடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. ‘மழை வரும்போல’ என்றுதான் நான் சொன்னேன். ‘ஆமா’ என்றார்.

“சேரும்” என்றார் காளியண்ணன்.

என் முதல் பிரதியில் இவர் கல்நெஞ்சர். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் கல்நெஞ்சர் அடுத்து இதைச் சொல்லியிருக்க மாட்டார்:

“வீட்டுக்குத்தான் கெளம்புனேன் புள்ள. ஸ்பிரிங் தொட்டில் மாட்டி வெச்சிருந்தோம்ல. கதவத் தொறந்தா நேரா அதுதான் தொங்கும். கால் பாக்டரிக்குப் போயிருச்சு.”

திலகம் சான்றிதழைத் தரையில் வைத்தார்.

“நான் ஆஸ்பத்திரிலேருந்து அந்த வீட்டுக்குத்தான வந்தேன். அத நாந்தான் கழட்டுனேன்.”

(காளியண்ணனுக்காக நான்கு பதில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம்.)

‘மழையோடு மழையாக அவர் கண்ணீர்—’ இல்லை. அவர் அழவில்லை. சான்றிதழில் சாரல் பட்டுக்கொண்டிருந்தது. இருவரும் நகர்த்தவில்லை.

4

திங்கட்கிழமை காலை. பசியாறியாயிற்று. காளியண்ணன் பையோடு வாசலில் நிற்கிறார். திலகம் தவுக்கேயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“நீங்க போங்க. நான் இன்னும் ஒரு நாள் இருந்துட்டு வாறேன். வாசுகிட்ட சொல்லிட்டேன். எங்கிட்ட காசு இருக்கு.”

“தனியாவா?”

“அன்னைக்கும் தனியாத்தான் இருந்தேன்.”

முடிவு ஒன்று: அவர் பஸ் ஏறிவிட்டார். முடிவு இரண்டு: திலகம் மனம் இளகிப் பின்னாலேயே ஓடிவந்தார். இரண்டையும் எழுதி முடித்திருக்கிறேன். இரண்டாவதைப் படித்த என் மனைவி என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

நடந்தது மூன்றாவது. ஒன்பதேகாலுக்கு என் மேசைப் போன் அடித்தது.

“தம்பி, காளியண்ணன் பேசுறேன். இன்னைக்கு வரல.”

“லேட்டா வாறீங்களாண்ணே?”

“இல்ல. லீவு.”

அவர் வாயில் அந்தச் சொல் பழகாத சொல்லாக இருந்தது. என் காதுக்கும் அப்படித்தான். லீவு விண்ணப்பப் பாரத்தை எடுத்தேன்.

“காரணம் என்னண்ணே போடட்டும்? காய்ச்சலா?”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். சரியாகப் பொத்தவில்லை. “காரணம் கேக்குறாங்க திலகம்” என்பது கேட்டது. திலகம் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. இடையில் யாரோ சிரித்ததுபோல் இருந்தது. லைன் இரைச்சலாகவும் இருக்கலாம்.

பிறகு அவர் திரும்பி வந்தார்.

“பெருசா இருக்கு தம்பி. அதுல கொள்ளாது. நீயே ஏதாவது எழுதிக்க.”

எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தும், பாரத்தில் அந்தக் காரணக் கட்டத்தை நான் இன்றுவரை நிரப்பவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள். அரை விரல் அகலம்தான் இடம். காய்ச்சல் என்று மட்டும் போடாதீர்கள்.