ஒரு நாளைக்கு ஐந்து தப்பு

இறந்து ஏழு மாதம் ஆன ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தன் மனைவியின் எம்பிராய்டரி மெஷினில் "யாரு?" என்று தைத்தார். நூல் மெரூன், துணி வெள்ளை, எழுத்தின் உயரம் அரை அங்குலம். மெஷினுக்குள் அன்று மாட்டியிருந்தது அவருடைய பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க். பின்னே வேறு யார் தைப்பார்கள் என்று தெருவில் கேட்டார்கள்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இருநூறு பேட்ஜ் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட நேரம் பார்த்து, தையல்காரியின் மெஷினுக்குள் இருந்த டிஸ்க் மண்டையைப் போட்டிருந்தது. அந்தப் பழைய வகை டிஸ்க் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. சர்வீஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் அவளுக்கு அலமாரி மேல் கிடந்த வீட்டுக்காரரின் லேப்டாப் ஞாபகம் வந்தது. அதன் டிஸ்க் அளவெடுத்த மாதிரி உள்ளே உட்கார்ந்தது. ஆனால் மெஷினை ஓட விட்டதும், சின்னத் திரையில் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. "பூட்டு லேப்டாப்புல இல்லக்கா, டிஸ்க்குலயே இருக்கு. எங்க மாட்டினாலும் கேக்கும். அழிக்கணும்னாகூட அதுகிட்டதான் அனுமதி வாங்கணும். அஞ்சு தடவை போட்டுப் பாக்கலாம்," என்று சொல்லி, மெஷினில் ஒரு கீபோர்டைச் செருகிக் கொடுத்துவிட்டு சர்வீஸ்காரர் டீ குடிக்கப் போனார்.

அந்தப் பூட்டு அவளுக்குப் புதிதல்ல. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே அது அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒருநாள் ஏதோ டிசைன் பார்க்க அந்த லேப்டாப்பைக் கேட்டாள். அது திறக்காது, விடு என்றார். கடவுச்சொல்லைச் சொல்லுங்க என்றாள். எனக்கே தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் லேப்டாப்பின் கடவுச்சொல் தனக்கே தெரியாதாம், யார் காதில் பூ சுற்றுகிறார் என்று இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், ஆனால் பழைய மாதிரி இல்லை. அடுத்த மாதம் ஆபீசிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர் கடைசியில் தன்னிடம் எதை மறைத்தார் என்ற கேள்வி ஏழு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ஆகவே ஊசி தானாக இறங்கி "யாரு?" என்று தைத்தபோது அவள் பயப்படவில்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடவுச்சொல் பெட்டியில் "நான்தான்" என்று அடித்தாள். வெறும் நட்சத்திரங்கள்தான் விழுந்தன. தப்பு என்றது திரை. ஊசி "எந்த நான்?" என்று தைத்தது. "உங்க பொண்டாட்டி" என்று அடித்தாள். அதுவும் தப்பு. "அவ அந்த மெஷின்ல வேற யாரையும் கைவைக்க விடமாட்டாளே, நீதானா?" என்று அவர் நீளமாகத் தைத்ததில் நூல்கண்டு கால்வாசி காலி. ஐந்தாவது தப்போடு திரை உறைந்தது. மெஷினை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மறுநாள் காலை வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்படித்தான் வழக்கமாயிற்று, ஒரு நாளைக்கு ஐந்து வரி. பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார், அண்ணன்தான் என்று உறுதியானதும் முதல் வேலையாக, "மாடிக் கதவுச் சாவியை எங்க வெச்சாருன்னு கேளுங்க அண்ணி," என்றாள். பழைய குடைக்குள் இருக்கிறது என்று அவர் தைத்தார். இருந்தது. தையல்காரியோ எட்டு நாள் எதையெதையோ பேசினாள். மழை பெய்ததைச் சொன்னாள், தன் முழங்கால் வலியைச் சொன்னாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாம் நாள் கேட்டுவிட்டாள். என்கிட்ட மறைச்சு எதுக்குப் பூட்டினீங்க?

"நான் எங்க பூட்டினேன்? நீதான் பூட்டின," என்று தைத்தார். அவள் அடுத்ததை அடிப்பதற்குள், "துடைச்சியே," என்று கீழே இன்னொரு வார்த்தை.

அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே கண்முன் வந்தது. எல்லா லேப்டாப்புக்கும் பூட்டுப் போடச் சொல்லி ஆபீசில் சுற்றறிக்கை வந்திருந்தது. அவர் புதுக் கடவுச்சொல் போடும் திரையைத் திறந்து வைத்துவிட்டு, போன் வந்ததும் பால்கனிக்குப் போனார். இவள் ஈரத்துணியோடு வந்தாள். எதைத் துடைத்தாலும் இடமிருந்து வலமாக அழுத்தி இரண்டு தடவை துடைப்பது அவள் கைப்பழக்கம். கீபோர்டின் நடுவரிசை முடிகிற இடத்தில் இருப்பது என்டர் பொத்தான். முதல் துடைப்பில் புதுக் கடவுச்சொல் விழுந்தது, இரண்டாவது துடைப்பில் அது உறுதியானது. பிறகு வீட்டில் ஈ காக்கைக்குக்கூடத் திறக்கவில்லை.

அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்று அடித்தாள். "அப்ப புரியல. கீபோர்டு ஈரமா இருந்ததால உன் வேலைன்னு மட்டும் தெரிஞ்சுது. சொன்னா நீ வருத்தப்படுவே. வரிசை வரிசையா யோசிக்க இங்கதான் நேரம் கிடைச்சுது," என்று ஊசி பொறுமையாகத் தைத்து முடித்தது. அவள் மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதாள். நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு மேல் அழுதாள்.

சர்வீஸ்காரருக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே குஷி. "அவ்ளோதானேக்கா, துணிய எடுத்து ஒரு தடவை நடுவரிசையத் துடைங்க. திறந்துடும். எல்லாத்தையும் அழிச்சுட்டு மெஷினோட புரோகிராமப் போட்டுடறேன், சாயந்திரமே பேட்ஜ் ஓடும்."

"திறந்துட்டா அவர் 'யாரு?'ன்னு கேக்கறது?"

சர்வீஸ்காரர் தலையைச் சொறிந்தார். "திறந்துட்டா அப்புறம் அது எதுக்குக்கா கேக்கப்போகுது?"

பள்ளிக்கூடம் திறக்கப் பதினோரு நாள்தான் இருந்தது. அவள் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து மெஷின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தத் துணியால் மேசையைத் துடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், துணியை உதறிக் கொடியில் போட்டாள். இருநூறு பேட்ஜையும் அண்ணியும் நாத்தனாருமாகக் கையாலேயே தைத்தார்கள். விரலெல்லாம் பொத்தல். கடைசி நாற்பதில் ஊசி நூல் கோணல் மாணலாகப் போனதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து, மூடிப்போன ஒரு கிளினிக்கின் ஸ்கேன் மெஷினுக்குள்ளிருந்து சர்வீஸ்காரர் அதே வகை டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அன்றிலிருந்து வேலைக்கு அது. பழைய டிஸ்க் காலையில் கால் மணி நேரம் மட்டும் மெஷினில் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், அவசரம் என்றால் அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். இப்படி ஆறு வருஷம் ஆகிறது. சரியான கடவுச்சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தினமும் ஐந்து தடவை அவள் தப்பாகத்தான் போடுகிறாள்.

இன்று காலை "யாரு?" என்று கேட்டதற்கு "பக்கத்து வீட்டுக்காரி" என்று அடித்தாள். ஊசி "சிரிக்காம சொல்லு," என்று தைத்தது.