வரப்பில் கட்டிய கம்பி

காட்டுப்பன்றிக்குத்தான் கம்பி கட்டினேன், மனிதருக்கு அல்ல. சித்தேரி மலையிலிருந்து இறங்கிய பன்றிகள் அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டிருந்தன. சட்டப்படி தப்பு என்று தெரியாமலில்லை. இருட்டியதும் வீட்டு லைனிலிருந்து கம்பிக்குக் கரண்ட் விடுவேன், விடிந்ததும் சுவிட்சை அணைப்பேன்.

பக்கத்து நிலத்து மணிமேகலைக்கு என் வரப்புதான் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் வழி. "ஒரு நாளு மறந்துட்டீங்கன்னா, அண்ணா?" என்று கேட்டாள். இந்தச் சென்றாயன் மறக்கிற ஆளில்லை என்று வள்ளென்று விழுந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வரப்பில் கால் வைக்காதே, தார்ரோட்டிலேயே வா என்று என் மகள் கனிமொழிக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று விடியும்போது ஊரில் கரண்ட் இல்லை. இல்லாத கரண்டை எதற்கு அணைப்பது என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிறகு அந்த நினைப்பே வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு, பக்கத்து ஊர் மாவு மில்லில் ராகி மூட்டையோடு காத்திருந்தேன். திடீரென்று கரண்ட் வந்து மிஷின் ஓட ஆரம்பித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் ஊருக்கும் அதே லைன்தான், நானோ சுவிட்சை அணைக்கவில்லை. பால்கேனோடு மணிமேகலை வரப்பில் நடக்கிற நேரம் அது.

அவளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அணைக்கச் சொல்ல வீட்டிலும் ஆளில்லை, என் மனைவி தாய்வீடு போயிருந்தாள். மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மாட்டைக் கழுவிவிட்டு ஈரக்காலோடுதானே வருவாள் என்று நினைத்தபோது வண்டியை இன்னும் முறுக்கினேன். முனியப்பா, கடலை முழுக்கப் பன்றியே தின்னட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரோட்டிலிருந்தே பால்கேன் தெரிந்தது. சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் தரையோடு தரையாக அவள் புடவை. அங்கே பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டுக்கு ஓடினேன். பூட்டுக்குள் சாவி நுழையவே மாட்டேன் என்றது. ஒருவழியாக உள்ளே போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வரப்புக்கு ஓடினேன்.

அவள் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாய்தான் கம்பியோரம் விறைத்துக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் பள்ளிப் பைகளோடு மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று கனிமொழி. அவள் மணிக்கட்டை மணிமேகலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நாயி முன்னால ஓடுச்சுங்க," என்றாள். "ஒங்க வூடு பூட்டியிருந்துச்சு, கரண்ட நிறுத்த முடியல. புள்ளைங்க குறுக்கால வந்துட்டாங்க. அதான் அவங்கள மறிச்சுக்கிட்டு நகராம ஒக்காந்துட்டேன்."

கரண்டை நிறுத்திவிட்டேன், பிள்ளையை விடு என்றேன்.

அவள் விடவில்லை. "மொதல்ல நீங்க அந்தக் கம்பியத் தொடுங்க, அண்ணா. அப்பறம் விடறேன்."

சுவிட்சை நான்தான் அணைத்தேன். அணைத்தது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் கம்பியை நோக்கி நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.