வெள்ளச்சிக்கு மூட்டம்

“இண்டைக்கு ஒரு ராவுக்கு உங்கட மாட்டைத் தாங்கோ அம்மா. மூட்டம் மட்டும் போடாதேங்கோ.”

புத்தகப்பையோடு வந்திருந்த நஃப்லா இப்படிக் கேட்டதும் வடிவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்திபட்டால் நுளம்பு கடிக்காமல் வேப்பிலை புகைத்து மாட்டுக்கு மூட்டம் போடாத வீடு கனகராயன்குளத்தில் இல்லை. அதைப் போட வேண்டாம் என்பவளை எப்படி நம்புவது? மாடு வெள்ளச்சியோ நிறைசினை. அவள் கன்று போட்டால்தான் தனிக்கட்டையான வடிவம்மா வீட்டில் இனி உலை கொதிக்கும்.

“என்ன படிக்கிறாய் பிள்ளை?”

“வவுனியா கம்பசிலை பயோ.”

“பயோ எண்டா டொக்டர்தானே? டொக்டருக்கு மாடு என்னத்துக்கு?”

“எல்லாரும் டொக்டரானா நுளம்பை ஆர் பிடிக்கிறது?” என்று கூட வந்த சிநேகிதி லக்சிகா சிரித்தாள்.

மலேரியா திரும்பி வராமல் காக்கிற வேலைக்குத்தான் படிப்பு முடியப் போகப்போவதாக நஃப்லா சொன்னாள். அதற்கு இரவில் மாட்டைக் கடிக்க வரும் நுளம்புகளை, மாட்டைச் சுற்றிக் கட்டிய வலைக்குள் பிடித்துப் பார்க்க வேண்டும். புகை இருந்தால் ஒன்றும் வராது.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ராஜினி குரலைத் தாழ்த்தவும் இல்லை. “முஸ்லிம் பெட்டையிட்டையோ மாட்டைக் குடுக்கிறியள் வடிவக்கா? விடியக் கயிறுதான் மிஞ்சும்.”

ஆனாலும் அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டிலுக்குள் போனதை வடிவம்மா கண்டிருந்தாள். சம்மதித்தாள். சம்மதித்துவிட்டு, ஒருவரும் காணாமல் வெள்ளச்சியின் கழுத்தில் இரண்டாவதாக ஒரு நீளக் கயிறு கட்டி, நுனியை யன்னலால் எடுத்துத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தாள். கயிறு அசையும்வரை மாடு இருக்கிறது.

எப்போது கண் அயர்ந்தாளோ, விழித்தபோது விடிந்திருந்தது. கயிற்றை இழுத்தாள். மறுமுனை வெறுமையாக வந்தது. புகை வேறு மணத்தது. “ஐயோ முருகா!” என்று கொட்டிலுக்கு ஓடினாள்.

வெள்ளச்சி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தாள். லக்சிகா வலையை மடிக்க, காலடியில் நஃப்லா குந்தியிருந்து, இருமி இருமி வேப்பிலையை ஊதிக்கொண்டிருந்தாள்.

“கழுத்திலை இன்னொரு கயிறு கிடந்தது அம்மா. காலிலை சுத்தி, வயித்துப்பிள்ளைக்காரி விழப்பாத்தாள். அவிட்டுப்போட்டன். எங்களுக்காக ராமுழுக்கக் கடி வாங்கினவள், அதுதான் முதல் வேலையா மூட்டம் போடுறன்.”

ஆர் கட்டினது என்று அவள் கேட்கவில்லை. வடிவம்மா மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிள்ளையின் கைகள் நுளம்பு கடித்துத் தடித்துச் சிவந்திருந்தன.

“உனக்கு ஆரடி மூட்டம் போட்டது?” என்று வடிவம்மா பக்கத்தில் குந்தி, புகையை அவள் பக்கம் விசிறிவிட்டாள்.

வேலிக்கு மேலால் ராஜினியின் தலை எட்டிப் பார்த்தது. “மாடு இருக்கோ வடிவக்கா?”

“இருக்கு. அடுத்த கிழமை உன்ரையையும் கொண்டு வா. பிள்ளைக்குப் பிடிச்ச நுளம்பு பத்தாதாம்.”